நீர்க்கோழி பாரின் பலகையில் என் பெயர்

இந்த வலைப்பூவில் இதுவரை நான் எழுதியதெல்லாம் கொல்லிமலை, தரங்கம்பாடி, வால்பாறை என்று போய்வந்த கதைகள். இந்த முறை சென்னையைச் சுற்றியே ஒரு பயணம். ஊரப்பாக்கத்திலிருந்து ஆவடி பருத்திப்பட்டுக்கு, ஒரு வழிக்கு ஏறத்தாழ ஐம்பத்தெட்டு கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். போனது ஒரு பாருக்கு, அதுவும் அந்த பாரின் கடைசி நாளுக்கு. பிரிவுத் துயரத்தால் போனேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உண்மையில் பொறாமையால் போனேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கமென்டில் வந்து கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. நானும் என் வீட்டுக்காரரும் ஏழு வருடம் ஆவடி சேக்காட்டில் குடியிருந்தோம். அங்கிருந்து பத்து நிமிடத்தில் பருத்திப்பட்டு ஏரி. ஏரியைப் பார்த்தபடி மூன்று மாடி லாட்ஜ் ஒன்று, அதன் முதல் மாடியில் 'நீர்க்கோழி' என்று ஒரு காக்டெயில் பார். பெரிய இடம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மொத்தமே ஆறு மேசை, கவுன்டர் முன்னால் ஐந்து ஸ்டூல், ஏரிப் பக்கம் ஒரு நீள ஜன்னல். ஆனால் ஒரு பெண் தனியாகப் போய் உட்கார்ந்தால் எவனும் திரும்பிப் பார்க்காத பார் அந்த வட்டாரத்திலேயே அது ஒன்றுதான். அடித்துச் சொல்வேன்.

கவுன்டருக்குப் பின்னால் நிற்பவன் ரூபன். முப்பத்து நாலு வயது, ஆவடியிலேயே பிறந்து வளர்ந்தவன். வெளிநாட்டுப் பெயர் வைத்த எந்தப் பானமும் அவனிடம் கிடையாது. சுவரில் பள்ளிக்கூடத்துக் கரும்பலகை ஒன்று மாட்டியிருப்பான். எந்த வாடிக்கையாளரால் ஒரு பானம் உருவானதோ அவர் பெயரையே அதற்கு வைத்து, சாக்பீஸால் பலகையில் எழுதிவிடுவான். 'மாணிக்கம்' என்றால் ரம்மில் சுக்கும் கருப்பட்டியும். 'ஜெயந்தி டீச்சர்' என்றால் ஓட்காவில் பன்னீர் திராட்சை. 'தினகர்' என்றால் மாங்காய். 'வசு' என்று ஒன்று. அது நான், வசுமதி.

அது வந்த கதை இதுதான். ஒரு நாள் ஆபீசில் மேனேஜரோடு சண்டை. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட இல்லை. நேராக நீர்க்கோழிக்குப் போய், "ரூபன், இன்னைக்கு எனக்கு இனிப்பா எதுவும் வேணாம்" என்றேன். அவன் என் டப்பாவைத் திறந்து பார்த்தான். தயிர்சாதத்தின் ஓரத்தில் உப்பு நார்த்தங்காய்த் துண்டு ஒன்று. அதை எடுத்துக் கழுவி, இடித்து, ஜின்னில் போட்டான். கொஞ்சமாய் நன்னாரி, மேலே சோடா. ஒரு வாய் குடித்ததும் மேனேஜர் முகமே மறந்துபோயிற்று. அன்றைக்கே பலகையில் ஏறியது 'வசு'. ஏழு வருட ஆவடி வாழ்க்கையில் வேறெதற்கும் நான் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

இப்போது அந்த விதி. இதைச் சொல்லாவிட்டால் மேலே கதை ஓடாது. தினகர் என்ற அந்த மாங்காய்க்காரர் கனடாவுக்குப் போய்விட்டார். திரும்பி வரவே இல்லை. ஆனால் பலகையில் மூன்றாவது வரிசையில் அவர் பெயர் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. வாரம் இரண்டு நாள் வந்து பணம் கொடுத்துக் குடிக்கிற என் பெயர் கடைசி வரிசையில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு சனிக்கிழமை எல்லாரையும் கூட்டிவைத்து நானே ஒரு விதி போட்டேன். பெயர் உள்ளவர் வருடத்துக்கு ஒரு தடவையாவது நேரில் வந்து தன் பெயரில் உள்ளதைக் குடிக்க வேண்டும். வராவிட்டால், அதை அதிகமாகக் கேட்டுக் குடிப்பவருக்கு அந்தப் பெயர் மாறிவிடும். எல்லாரும் கை தூக்கினார்கள். தினகர் அழிந்தார். எனக்கு அன்று நல்ல தூக்கம்.

பதினாலு மாதத்துக்கு முன்னால் நாங்கள் ஊரப்பாக்கத்தில் சொந்த ஃபிளாட் வாங்கிக் குடிபெயர்ந்தோம். இந்த ஞாயிறு போகலாம், அடுத்த ஞாயிறு போகலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். போன வாரம் மாணிக்கம் சாரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சேலத்துக்காரர் அவர். செய்தியையும் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரிதான் எழுதுவார்: "நீர்க்கோழி வரும் ஞாயிறுடன் மூடப்படுகிறது. லாட்ஜ் விற்பனை. நேரம் பகல் 12 முதல் மாலை 6 வரை. ரூபன் கொச்சியில் ஒரு பாருக்குச் செல்கிறார். பலகையும் செல்கிறது. ஆறு மணிக்கு உள்ள பெயர்கள் அப்படியே அங்கே இருக்கும்."

கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன். பதினாலு மாதம். என் பெயர் இருக்கிறதா இல்லையா?

"ஒரு கிளாஸுக்கு அம்பத்தெட்டு கிலோமீட்டரா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். கிளாஸுக்கு இல்லை, பெயருக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

காலை 9.35 மணிக்கு ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் ஏறினேன். ஆவடிவரைக்கும் ஒரே டிக்கெட்டாக எடுத்துவிடலாம். பதினைந்து ரூபாய்தான். 10.45க்குப் பூங்கா நிலையம். அங்கே இறங்கி, சுரங்கப்பாதை வழியாகச் சாலையைக் கடந்து, சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் புறநகர் நிலையத்துக்கு நடக்க வேண்டும். மெதுவாக நடந்தால் எட்டு நிமிடம். 11.10க்கு வண்டி. ஞாயிற்றுக்கிழமை அட்டவணையில் வண்டிகள் குறைவு, ஒன்றை விட்டால் அரை மணி நேரம் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். வில்லிவாக்கம் தாண்டியதும் உட்கார இடம் கிடைத்தது. கொரட்டூர் வந்தது. பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அன்னனூர் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக வர, நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து என் பெயரை எவன் எடுத்திருப்பான் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நிச்சயம் ஒரு ஆணாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, அவனுக்கு ஒரு முகமும் ஃபிரெஞ்ச் தாடியும்கூடக் கொடுத்துவிட்டேன்.

ஆவடியில் இறங்கும்போது மணி 11.55. வெளியே ஆட்டோ.

"இன்னாக்கா, எங்க போவணும்?"

"பருத்திப்பட்டு. ஏரி எதுக்க லாட்ஜ்."

"பாரு கீதே, அதுவா? இன்னியோட மூடறாங்களாமே. நூத்தம்பது குடு."

"மூணு கிலோமீட்டருக்கு நூத்தம்பதா? நான் இங்க ஏழு வருஷம் குடியிருந்தவ."

"அத மொதல்லயே சொல்றதில்ல? நூறு குடு, குந்து." வண்டியைக் கிளப்பிவிட்டுத் திரும்பிச் சொன்னார்: "பதினோரு மணிலேர்ந்து நாலு ட்ரிப்பு அட்ச்சிட்டேன் அங்க. எல்லாம் மூஞ்ச தொங்கப் போட்டுகினு போறாங்கோ."

நாலு ட்ரிப்பா! பார் திறப்பதே பன்னிரண்டு மணிக்கு. அதற்குள் எனக்கு முன்னால் நாலு ஆட்டோ நிறைய ஆட்கள் போய்விட்டார்களா? "கொஞ்சம் சீக்கிரம் போங்கண்ணா" என்றேன். ஷேர் ஆட்டோவில் போனால் இருபது ரூபாய்தான் ஆகும். அவசரத்தில் நான் ஏறவில்லை, நீங்கள் ஏறுங்கள்.

படியேறி உள்ளே போனேன். எல்லா மேசையும் நிறைந்திருந்தது. முக்கால்வாசி முகங்கள் எனக்குத் தெரியாதவை. அவர்கள் எல்லாரும் ரூபனை 'டேய்' என்றும் 'மச்சான்' என்றும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. நான் வழக்கமாக உட்காரும் ஜன்னலோர ஸ்டூலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தெட்டு வயது இருக்கலாம். அதுவும் பிடிக்கவில்லை. பலகையைப் பார்த்தேன். மாணிக்கம், ஜெயந்தி டீச்சர், இன்னும் யார் யாரோ. கடைசி வரிசையில், ஜின், நார்த்தங்காய், நன்னாரி என்று எழுதியிருந்த இடத்துக்கு மேலே 'ஷர்மி'.

"ரூபன்!"

"வசுக்கா! வாங்க வாங்க. இப்பதான் வழி தெரிஞ்சிதா?"

"யாரு அந்த ஷர்மி?"

ஜன்னலோர ஸ்டூலில் இருந்த பெண் எழுந்தே நின்றுவிட்டாள். "நான்தாங்க்கா. நீங்கதான் வசுக்காவா? உங்களப் பத்தி அண்ணன் சொல்லாத நாளே இல்ல!"

ஷர்மிளா தேனிக்காரி. ஐ.டி. கம்பெனி வேலை. சேக்காட்டில் வாடகை ஃபிளாட். எந்தத் தெரு என்று கேட்டேன். எங்கள் பழைய தெரு. எந்த வீடு என்று கேட்கவில்லை. எங்கள் வீடாகவே இருந்துவிட்டால் தாங்க மாட்டேன்.

நான் ரூபனிடம் திரும்பினேன். நார்த்தங்காய் என் டப்பாவிலிருந்து வந்தது, நான் இல்லாவிட்டால் அந்தப் பானமே இல்லை, பதினாலு மாதம் எல்லாம் ஒரு மாதமா என்று மூச்சுவிடாமல் பேசினேன். அவன் கிளாஸைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"ஒரு வருஷத்துக்கு மேல ரெண்டு மாசம் சேத்தே குடுத்தேன்க்கா. அதுக்கப்புறம் இன்னா பண்றது? ரூலு போட்டது யாரு?"

"அது அந்தக் கனடாக்காரருக்காகப் போட்டதுடா."

பக்கத்து மேசையிலிருந்து மாணிக்கம் சார் தலையைத் தூக்கினார். "ஆளுக்கு ஒரு ரூலா போட முடியும்? கனடாவுக்கு ஒண்ணு, ஊரப்பாக்கத்துக்கு ஒண்ணா? ரூல்னா ரூல்தாம்மா." தொழிற்சாலையில் ஒரு நிமிடம் தாமதமாக வந்தவனுக்கும் அரை நாள் சம்பளம் வெட்டிய மனிதர் அவர். அவரிடம் நியாயம் கேட்டு என்ன பிரயோஜனம்?

"ஒண்ணு போடு, குடிச்சுப் பாக்கறேன்" என்றேன். ஒரு கிளாஸ் நானூற்று ஐம்பது ரூபாய். நான் இருந்த காலத்தில் முன்னூற்று எண்பது. ரூபன் போட்டான். நார்த்தங்காய், நன்னாரி, எல்லாம் அதேதான். கடைசியில் ஒரு பச்சை மிளகாயைக் கீறி உள்ளே விட்டான்.

"இது என்ன புதுசா?"

"ஷர்மி கேட்டுச்சிக்கா. எட்டு மாசமா இப்டித்தான் போடறேன்."

குடித்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கெட்ட கோபம் எனக்கு வந்ததில்லை. ஏனென்றால் நன்றாக இருந்தது. என்னுடையதைவிட நன்றாக இருந்தது. உப்பும் கசப்பும் இறங்கின பிறகு தொண்டையில் அந்தக் காரம் மெல்ல ஏறியபோதுதான், இத்தனை வருடம் நான் குடித்தது பாதிப் பானம் என்று தெரிந்தது. எனக்கு ஏன் இந்த மிளகாய் தோன்றவில்லை? தயிர்சாதத்துக்கு மோர்மிளகாய் தொட்டுக்கொள்ளாத நாளே கிடையாது எங்கள் வீட்டில். ஒரு நாளாவது தோன்றியிருக்கக் கூடாதா?

"எப்படியிருக்குக்கா?" என்று அந்தப் பெண் ஆசையாகக் கேட்டாள்.

"பரவாயில்லை" என்றேன்.

பிறகு ஐந்து மணி நேரம் அங்கேயே இருந்தேன். வறுத்த நெத்திலி ஒரு தட்டு இருநூற்று இருபது, சாப்பிட்டேன். அந்த மிளகாய் போட்டதிலேயே இன்னொரு கிளாஸும் வாங்கிக் குடித்தேன். ஜெயந்தி டீச்சர் வந்தார்கள், எல்லாரோடும் படம் எடுத்துக்கொண்டார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். ஆளாளுக்கு ரூபனைக் கட்டிப்பிடித்தார்கள். நான் மட்டும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன மழைக்கு லாட்ஜ் வாசலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதாம், எல்லாரும் இரண்டு மணி நேரம் மாடியிலேயே மாட்டிக்கொண்டு பாட்டுப் பாடினார்களாம். ஷர்மிளா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சுற்றியிருந்த எல்லாரும் சிரித்தார்கள். நான் அந்த மழையில் ஊரப்பாக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். வயிற்றெரிச்சல் என்று சும்மா சொல்கிறோம். எனக்கு நிஜமாகவே எரிந்தது. மிளகாயாகவும் இருக்கலாம்.

ஐந்தரை மணிக்கு மேல் என்னால் முடியவில்லை. வெட்கத்தை விட்டுக் கேட்டே விட்டேன். "ஷர்மிளா, அந்தப் பெயரை எனக்கு விட்டுக்கொடுத்துடேன்."

மாணிக்கம் சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"எடுத்துக்கோங்கக்கா" என்றாள் அவள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "உங்க நார்த்தங்காதான? எனக்கு இங்க வந்து உக்காந்தா போதும். பேரா முக்கியம்?"

இரண்டு பேச்சுப் பேசிவிட்டு, முகத்தைக் கொஞ்சம் சுருக்கி, மனசில்லாமல் கொடுத்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும். பஸ்ஸில் ஜன்னல் சீட்டைக் கொடுக்கிற மாதிரிக் கொடுத்துவிட்டாள். ஒரு பேச்சுக்காவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்தான். நான் சொல்லவில்லை. "சரி, அழி ரூபன்" என்றேன்.

அவன் ஈரத்துணியால் துடைத்தான். 'வசு' என்று எழுதினான். பிறகு சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்: "கீழ இன்னா எழுதட்டும்க்கா? பழசா, மொளகா போட்டதா? ஒரு பேருக்கு ஒரு கிளாஸுதான். ரெண்டு கெடயாது."

யோசித்துப் பாருங்கள். பழசு என்றால், கொச்சியில் ஒருவர் 'வசு' கேட்டுக் குடிப்பார், பரவாயில்லை என்பார், அடுத்த கிளாஸுக்கு 'மாணிக்கம்' கேட்பார். மிளகாய் போட்டது என்றால், திரும்பத் திரும்பக் கேட்பார்கள். என் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். ஆனால் அது அவளுடையது. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷர்மிளா மட்டும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிளகாய் போட்டது" என்றேன்.

ரூபன் கீழே ஜின், நார்த்தங்காய், நன்னாரி, பச்சை மிளகாய் என்று எழுதினான். ஆறு மணிக்கு மாணிக்கம் சார் கடிகாரத்தைப் பார்த்து, "டைம்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

வெளியே வந்து ஷேர் ஆட்டோவுக்கு நின்றேன். ஷர்மிளாவும் வந்து பக்கத்தில் நின்றாள். ஸ்டேஷன் பக்கம் ஏதோ வாங்க வேண்டுமாம். இருவரும் ஒரே ஆட்டோவில் ஏறினோம், ஆளுக்கு இருபது ரூபாய். செய்த காரியம் உறுத்தியதால், "நீ எங்கே போவே இனிமே சாயங்காலம்?" என்று கொஞ்சம் அன்பாகவே கேட்டேன்.

"கொச்சிதாங்க்கா" என்றாள். "எங்க ஆபீஸ்ல அங்க மாத்திட்டாங்க. அடுத்த மாசம் போறேன். அண்ணன்தான் வீடு பாத்துச் சொன்னாரு. பார்லருந்து நடந்து அஞ்சு நிமிஷமாம். நீங்க வந்தா என் ரூம்லயே தங்கிக்கலாம், லாட்ஜு வேணாம்!"

ஆவடி ஸ்டேஷனில் இறங்கினோம். 6.40க்கு வண்டி. வீடு சேரும்போது 9.15.

இனி உங்களுக்கான தகவல்கள். நீர்க்கோழி இப்போது கிடையாது, தேடிக்கொண்டு போய் ஏமாறாதீர்கள். பருத்திப்பட்டு ஏரிக்கு மட்டும் போவதென்றால் காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். நடைபாதை நன்றாக இருக்கிறது, பறவைகளும் அப்போதுதான் தெரியும். மதியம் போனால் வெயில் மண்டையைப் பிளந்துவிடும். எந்த பாருக்குப் போவதானாலும் ரயிலில் போங்கள், குடித்துவிட்டு வண்டி ஓட்டும் வேலை வேண்டாம். எனக்கு அன்று ஆன மொத்தச் செலவு, போக்குவரத்து, குடி, நெத்திலி எல்லாம் சேர்த்து ஆயிரத்து முன்னூறுக்குக் கொஞ்சம் குறைவு. உங்களுக்கும் வீட்டுப் பக்கத்தில் இப்படி ஒரு கடை இருந்தால், சும்மாவாவது போய்வந்துகொண்டிருங்கள். போகாமல் இருந்துவிட்டு என் கடை, என் இடம் என்றால் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

கொச்சிப் பக்கம் போகிறவர்கள் அந்தக் கரும்பலகையைப் பார்த்தால் தயங்காமல் 'வசு' கேளுங்கள். அதில் மிளகாய் ஷர்மிளாவுடையது. கவுன்டரில் சொல்லத் துணிவில்லாததால் இங்கே எழுதுகிறேன். நானும் எர்ணாகுளத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். படுக்கை வகுப்பு, நானூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல், இரவு ஏறினால் காலையில் போய் இறங்கலாம். ஒரு நாள் போய் ஒரு கிளாஸ் குடித்துவிட்டால் விதிப்படி அடுத்த ஒரு வருடத்துக்குப் பெயர் என்னுடையது, யாரும் கை வைக்க முடியாது. அந்த ஒரு நாள் நான் அங்கே இருப்பேன். மிச்சம் முன்னூற்று அறுபத்து நாலு நாளும் அவள் இருப்பாள்.